வெறுந்தட்டில் ஆடும் முள்

ஒரு துறை அறிவியலா இல்லையா என்பதை ஓட்டுப் போட்டு முடிவு செய்திருக்கிறார்கள். 1969 டிசம்பரில் பாஸ்டன் நகரில் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் கூடியது. டெலிபதி, முன்னுணர்வு போன்றவற்றை ஆராயும் பாராசைக்காலஜிக்காரர்களின் சங்கம், தங்களையும் கழகத்தில் ஓர் அங்கமாகச் சேர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பித்திருந்தது. முன்பு கேட்டபோதெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். இந்த முறை மானிடவியல் அறிஞர் மார்கரெட் மீட் எழுந்து பேசினார். இவர்கள் புள்ளியியலை முறையாகப் பயன்படுத்துகிறார்கள். சோதிப்பவருக்கும் சோதிக்கப்படுபவருக்கும் விடை தெரியாதபடி சோதனை வைக்கிறார்கள். இல்லவே இல்லை என்று பெரியவர்கள் சொன்னதைத் தேடிப் போனவர்களால்தானே அறிவியல் வளர்ந்தது என்று வாதாடினார். பெரும்பான்மையோர் ஆதரிக்க, சங்கம் உள்ளே வந்தது.

1979 ஜனவரியில் ஹூஸ்டனில் கூடியபோது இயற்பியலாளர் ஜான் வீலர் கொதித்தெழுந்தார். ‘கருந்துளை’ என்ற பெயரை உலகமெங்கும் பரப்பியவர் அவர். பாராசைக்காலஜி ஆய்வாளர்களோடு ஒரே அமர்வில் தன்னைப் பேசவைத்ததே அவருக்குப் பொறுக்கவில்லை. எந்தச் சோதனையையும் தாங்கி நிற்கும் ஒரே ஒரு முடிவுகூட அவர்களிடம் இல்லை, வெளியே அனுப்புங்கள் என்றார். அனுப்பவில்லை. அந்தச் சங்கம் உறுப்பு அமைப்பாகத் தொடர்ந்தது.

மீட், வீலர் இருவர் சொன்னதும் சரி என்றே எனக்குப் படுகிறது. மீட் பேசியது வழிமுறையைப் பற்றி. வீலர் பேசியது விளைச்சலைப் பற்றி. இரண்டும் வெவ்வேறு வழக்குகள். பாராசைக்காலஜி பற்றிய சண்டைகளில் பாதி, இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருபவை.

முதலில் ஒரு வேலி போட்டுக்கொள்வோம். பேய், பிசாசு, குறி, நாடி ஜோதிடம் எல்லாம் இந்தப் பேச்சில் இல்லை. ஆய்வகத்தில் பாராசைக்காலஜி எடுத்துக்கொள்ளும் கேள்விகள் குறுகலானவை. ஐம்புலன்களின் உதவி இல்லாமல் ஒருவர் மனதில் இருப்பது இன்னொருவருக்குத் தெரியுமா? மூடிவைத்த பொருள் தெரியுமா? இனி நடக்கப்போவது தெரியுமா? தொடாமலே ஒரு பொருளை மனத்தால் அசைக்க முடியுமா? ‘ஆம்’ என்று சொல்ல நம் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும். நினைத்துக்கொண்டே இருந்தேன், அவளே போன் செய்தாள் என்பது மாதிரி. நினைத்தும் போன் வராத நாட்களை யாரும் கணக்கு வைப்பதில்லை என்பதுதான் அந்தக் கதைகளின் குறை. எத்தனை முறை நினைத்தோம் என்ற வகுக்கும் எண் இல்லாதபோது, ஒருமுறை பலித்தது பெரிதா சிறிதா என்று சொல்ல வழியில்லை.

லண்டனில் 1882இல் தொடங்கிய உளவியல் மறைபொருள் ஆய்வுச் சங்கம் இத்தகைய கதைகளை ஆயிரக்கணக்கில் திரட்டியது. தத்துவப் பேராசிரியர் ஹென்றி சிட்ஜ்விக் அதன் முதல் தலைவர். கற்றவர்கள், நேர்மையானவர்கள். ஆனாலும் கதைகளை எவ்வளவு அடுக்கினாலும் அந்த வகுக்கும் எண் கிடைக்கவில்லை. அது கிடைத்தது சீட்டுக்கட்டில்.

ஜே. பி. ரைன் தாவரவியல் படித்தவர். ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன பாஸ்டன் பெண்மணி ஒருவரின் அமர்வுக்கு 1926இல் போய், அங்கே நடந்த தந்திரத்தைக் கண்டுகொண்டு வெறுத்துத் திரும்பியவர். இருட்டறையும் மேசைத் தட்டலும் வேண்டாம், எண்ணிப் பார்க்கக்கூடியது வேண்டும் என்று முடிவு செய்தார். வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில், சக ஆசிரியர் கார்ல் ஜீனர் வடிவமைத்த சீட்டுகளை எடுத்துக்கொண்டார். வட்டம், கூட்டல் குறி, அலைக்கோடு, சதுரம், நட்சத்திரம் என ஐந்து படங்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து, மொத்தம் 25 சீட்டுகள். குருட்டாம்போக்கில் சொன்னால் சராசரியாக ஐந்து சரியாக வரும். ஒருமுறை ஏழோ எட்டோ வந்தால் அதில் அதிசயம் இல்லை. நூற்றுக்கணக்கான முறை செய்தும் சராசரி ஏழில் நின்றால் விளக்கம் தேட வேண்டும்.

ஹியூபர்ட் பியர்ஸ் என்ற இறையியல் மாணவரிடம் அது நின்றது. 1933-34இல் ரைனின் உதவியாளர் கெய்தர் பிராட் ஒரு கட்டடத்தில் உட்கார்ந்து, நிமிடத்துக்கு ஒன்றாகச் சீட்டுகளைக் கவிழ்த்தபடியே எடுத்து வைத்தார். பியர்ஸ் சுமார் 100 கெஜம் தள்ளி நூலகத்தில் உட்கார்ந்து ஊகங்களை எழுதினார். பின்னர் தூரத்தைக் கூட்டினார்கள். மொத்தம் 1850 ஊகங்கள். தற்செயலாக வரவேண்டியது 370. வந்தது 558.

1934இல் ரைனின் புத்தகம் வெளியானதும் இ.எஸ்.பி. என்ற மூன்றெழுத்து ஊரெல்லாம் பரவியது. கணக்கில்தான் கோளாறு என்று உளவியலாளர்கள் பாய்ந்தார்கள். 1937இல் அமெரிக்கக் கணிதப் புள்ளியியல் நிறுவனத்தின் தலைவர் பர்ட்டன் கேம்ப் ஓர் அறிக்கை விட்டார். கணக்கு முறை சரியாகவே இருக்கிறது, குறை சொல்வதானால் வேறிடத்தில் தேடுங்கள் என்பது அதன் சாரம்.

தேடியவர்களுக்கு வேறிடத்தில் கிடைக்கத்தான் செய்தது. விற்பனைக்கு வந்த ஆரம்பகாலச் சீட்டுகள் சிலவற்றில் வெளிச்சம் பட்டால் பின்பக்கமிருந்தே படம் தெரிந்தது. பல சோதனைகளில் சீட்டைக் கலைத்தவரே விடையையும் குறித்தார். பியர்ஸ் விஷயத்தில், நூலகத்தில் அவருடன் கண்காணிக்க யாரும் இல்லை. எழுந்து போய், பிராட் இருந்த அறைக்குள் எட்டிப் பார்த்திருக்கலாமே என்று பிரிட்டிஷ் உளவியலாளர் சி. இ. எம். ஹேன்சல் பின்னாளில் கேட்டார். பார்த்தார் என்பதற்குச் சான்று கிடையாது. பார்க்கவில்லை என்பதற்கும் கிடையாது. இது அநியாயம் என்று சிலருக்குத் தோன்றலாம். செத்துப்போன மனிதர் மீது பழி போடுவதா என்று கேட்கலாம். இங்கே கேள்வி பியர்ஸின் நாணயம் பற்றியது அன்று. இயற்பியலையே திருத்தி எழுதச் சொல்லும் முடிவு ஒன்று, பூட்டாத ஒரு கதவை நம்பி நிற்கலாமா என்பதே கேள்வி.

ரைனின் வாடை இந்தியாவுக்கும் வந்தது. டியூக்கில் அவரோடு பணிபுரிந்த கே. ராமகிருஷ்ண ராவ் ஊர் திரும்பியபின், விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் உளவியலோடு பாராசைக்காலஜிக்கும் சேர்த்தே 1967இல் ஒரு துறை எழுந்தது. பிற்காலத்தில் அவர் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரும் ஆனார். தெற்கே இலங்கையில் இருந்தவர் இன்னொரு தாவரவியல்காரர். கேரளத்தில் பிறந்து யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூர், 1963இல் ஒரு லட்சம் ரூபாய் பந்தயம் வைத்தார். உறையிலிட்டு மூடிய ரூபாய் நோட்டின் எண்ணை அற்புத சக்தியால் வாசித்துக் காட்டினாலும் போதும், பணம் உங்களுக்கு. 1978இல் அவர் இறக்கும்வரை யாரும் அதை வாங்கிப் போகவில்லை.

கோவூரை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பந்தயம் வேறு, சோதனை வேறு. ‘என்னால் எப்போதும் முடியும்’ என்று மார்தட்டுபவரைப் பந்தயத்தால் மடக்கலாம். நூற்றுக்கு இருபதுக்குப் பதில் இருபத்திரண்டு முறை பலிக்கிறது என்று அடக்கமாகச் சொல்பவரை மடக்க முடியாது. அதற்கு ஆயிரக்கணக்கில் ஊகங்களும் பொறுமையும் வேண்டும்.

மோசடிகளும் நடந்தன. லண்டன் கணித ஆசிரியர் சாமுவேல் சோல், முதலில் ரைனைக் கேலி செய்தவர். 1940களின் தொடக்கத்தில் பேசில் ஷேக்கில்டன் என்ற புகைப்படக்காரரை வைத்துச் சோதனை நடத்தி அபாரமான முடிவுகளை வெளியிட்டார். அடுத்து வரும் சீட்டையே ஷேக்கில்டன் சொல்கிறாராம். கால் நூற்றாண்டுக்கு மேல் இந்தத் துறையின் மணிமகுடமாக அது இருந்தது. 1978இல் பெட்டி மார்க்விக், சோல் பயன்படுத்திய எண் வரிசைகளை அலசியபோது, இடையிடையே கூடுதல் எண்கள் செருகப்பட்டிருப்பதைக் கண்டார். செருகிய இடங்களிலெல்லாம் பெரும்பாலும் ஊகம் பலித்திருந்தது. அவற்றை நீக்கியதும் அற்புதமும் போயிற்று. 1974இல் ரைனின் சொந்த நிறுவனத்திலேயே, அவர் வாரிசாக நினைத்த வால்டர் லெவி, எலிகளை வைத்துச் செய்த தானியங்கிச் சோதனையில் கருவியில் தில்லுமுல்லு செய்து பிடிபட்டார். ரைன் அதை மறைக்கவில்லை. தாமே வெளியே அறிவித்தார்.

இந்த இரண்டையும் பார்த்துச் சிரிப்பவர்கள் ஒரு செய்தியைக் கவனிப்பதில்லை. மார்க்விக் அதே 1882ஆம் ஆண்டுச் சங்கத்தைச் சேர்ந்தவர். லெவியைப் பிடித்தவர்கள் அவருடைய சக ஆய்வாளர்கள். பொய் சொன்னவரைத் தன் வீட்டுக்குள்ளேயே பிடித்துக் கொடுக்கும் பழக்கம் ஜோதிடத்துக்குக் கிடையாது. அந்த அளவில் மீட் சொன்னது சரி.

துறையின் மிகச் சிறந்த முயற்சி என்று கேட்டால், கான்ஸ்ஃபெல்ட் சோதனையைச் சொல்வேன். 1970களில் சார்லஸ் ஹானர்ட்டன் இதை முன்னெடுத்தார். சாய்வு நாற்காலியில் ஒருவரைச் சாய்த்து, பிங்பாங் பந்தை இரண்டாக வெட்டிக் கண்களின் மேல் பொருத்தி, சிவப்பு விளக்கைப் போட்டு, காதில் மழைபோல ஒரே சீரான இரைச்சலை ஓடவிடுவார்கள். புலன்கள் ஓய்ந்தால் மெல்லிய சமிக்ஞை கேட்கும் என்பது எண்ணம். வேறோர் அறையில் ஒருவர் ஒரு படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். அரைமணி நேரம் கழித்து நான்கு படங்களைக் காட்டி, எது என்று கேட்பார்கள். தற்செயலாகப் பலிக்க வாய்ப்பு 25 சதவீதம்.

முடிவுகள் அதற்கு மேலே போயின. ஐயவாத உளவியலாளர் ரே ஹைமன் ஒவ்வொரு சோதனையாகப் பிரித்துப் பார்த்து ஓட்டைகளைச் சொன்னார். அனுப்புபவர் கையில் வைத்திருந்த அதே படத்தை விடை சொல்பவரிடமும் கொடுத்தால், விரல் தடமும் கசங்கலுமே காட்டிக்கொடுத்துவிடாதா? குலுக்கல் ஒழுங்காக நடந்ததா? இருவரும் பத்திரிகையில் மோதிக்கொண்ட பிறகு நடந்ததுதான் அழகு. 1986இல் ஹைமனும் ஹானர்ட்டனும் சேர்ந்து உட்கார்ந்து, இனிமேல் சோதனைகள் எப்படி நடக்க வேண்டும் என்று ஒரு கூட்டறிக்கை எழுதினார்கள். நம்புகிறவரும் மறுப்பவரும் சண்டையின் விதிகளைக் கூடி எழுதுவது மற்ற துறைகளில்கூட அபூர்வம். அந்த விதிகளை ஒட்டி, கணினி நடத்திய சோதனைகளின் முடிவு 1994இல் வந்தது: சுமார் 32 சதவீதம். உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. 1999இல் ஜூலி மில்டனும் ரிச்சர்ட் வைஸ்மனும், கூட்டறிக்கைக்குப் பிறகு நடந்த 30 சோதனைகளைத் தொகுத்து, 1994 முடிவு வெளியான அதே ஆய்விதழில் எழுதினார்கள்: தற்செயலைத் தாண்டி எதுவும் இல்லை. இந்தச் சோதனையைச் சேர், அதை விடு என்று இன்றுவரை வழக்கு ஓடுகிறது.

வீலரின் பக்கம் இங்கேதான் கனக்கிறது. 1896இல் பெக்கரெல், இருட்டில் வைத்த ஒளிப்படத் தகட்டில் யுரேனியம் விட்ட மங்கலான கறையைக் கண்டார். யாருக்கும் அது என்னவென்று விளங்கவில்லை. அன்றிருந்த எந்தக் கோட்பாட்டிலும் அது அடங்கவில்லை. இரண்டே ஆண்டில் கியூரி தம்பதியர் யுரேனியத்தைவிட மிக வலுவாகக் கதிர்வீசும் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டுபிடித்தார்கள். கருவி மேம்பட மேம்பட விளைவு பெருகியது. கோட்பாடு இல்லாதது கதிரியக்கத்துக்குத் தடையாக இருக்கவில்லை. பாராசைக்காலஜியிலோ கதவுகளை ஒவ்வொன்றாகப் பூட்டப் பூட்ட விளைவு சுருங்குகிறது. பியர்ஸிடம் இருபதுக்குப் பதில் முப்பது சதவீதம். பிரின்ஸ்டனில் ராபர்ட் ஜான் 1979 முதல் 2007 வரை நடத்திய கூடத்தில், மனத்தால் எந்திரத்தை அசைக்கும் விளைவு பத்தாயிரத்தில் சில பங்கு. அதையும் ஜெர்மனியின் இரண்டு கூடங்களோடு சேர்ந்து மறுபடி செய்தபோது எதிர்பார்த்தது வரவில்லை.

இதைவிட என்னை உறுத்துவது, துறை தனக்கென்று சேர்த்து வைத்திருக்கும் சமாதானங்கள். அதிகம் பலித்தால் சக்தி. தற்செயலைவிடக் குறைவாகப் பலித்தால், அதே சக்தி எதிர்த்திசையில் வேலை செய்கிறது. முதலில் பலித்துப் பிறகு ஓய்ந்தால், சலிப்பால் வரும் தேய்வு. நம்பாதவர் சோதனை நடத்திப் பலிக்காவிட்டால், அவருடைய அவநம்பிக்கையே கெடுத்துவிட்டது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றையும் சோதிக்க முடியும்; சோதித்தும் இருக்கிறார்கள். சேர்த்துப் பார்த்தால், எந்த எண் வந்தாலும் விழுங்கிவிடும் வாய் அது. எது நடந்தால் உங்கள் கருத்து தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்ற கார்ல் பாப்பரின் கேள்விக்கு அந்த வாயிலிருந்து பதில் வராது.

கடைசிச் சமாதானத்தைச் சோதித்த கதை சுவையானது. முதுகுக்குப் பின்னால் யாரோ உற்றுப் பார்த்தால் நமக்குத் தெரியுமா? நம்பிக்கையாளர் மர்லின் ஷ்லிட்ஸும் ஐயவாதி வைஸ்மனும் 1990களில் ஒரே கூடத்தில், ஒரே கருவியில், ஒரே முறையில் இதைச் சோதித்தார்கள். ஷ்லிட்ஸ் பார்த்தபோது விளைவு வந்தது. வைஸ்மன் பார்த்தபோது வரவில்லை. பின்னாளில் மீண்டும் கூடி, இன்னும் கறாராகச் செய்தபோது இருவருக்குமே வரவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் இந்தத் துறையை ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் வரவில்லை. காரணம், அது வெறுங்கையோடு அலைந்த வழியில் மற்றவர்களுக்கு நிறையக் கொடுத்திருக்கிறது. பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய பிரெஞ்சு உடலியலாளர் சார்ல் ரிஷே 1884இலேயே டெலிபதியைச் சோதிக்கச் சீட்டுகளைக் குலுக்கி எடுத்து, நிகழ்தகவுக் கணக்கோடு ஒப்பிட்டார். வயல் சோதனைகளுக்குக் குலுக்கல் முறை வேண்டும் என்று ரொனால்டு ஃபிஷர் சொன்னது அதற்கு நாற்பது ஆண்டு கழித்து. ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், இளம் வயதில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து பீரங்கி வண்டியின் சக்கரத்தருகே விழுந்து தப்பினார். அன்று மாலையே வீட்டிலிருந்து தந்தி வந்தது, நலமா என்று. தொலைவில் இருந்த சகோதரிக்கு மனம் பதைத்ததாம். மூளையிலிருந்து என்னதான் வெளியே போகிறது என்று அவர் ஆயுள் முழுக்கத் தேடினார். டெலிபதி அகப்படவில்லை, மூளையின் மின்னலைகள் அகப்பட்டன. 1929இல் அவர் வெளியிட்ட அந்த இ.இ.ஜி. இன்று வலிப்பு நோயாளிகளுக்கு அன்றாடம் எடுக்கும் சோதனை.

மிகப் பெரிய உதவி 2011இல் வந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேரில் பெம், சமூக உளவியலில் மதிப்புப் பெற்றவர், ஒன்பது சோதனைகளை முன்னணி ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார். திரையில் இரண்டு படுதாக்கள். எதற்குப் பின்னால் படம் வரும் என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கணினி படத்தின் இடத்தையே முடிவு செய்யும். பாலுணர்வைத் தூண்டும் படங்களில் 53 சதவீதம் பலித்தது, வரவேண்டியது 50. எதிர்காலம் பின்னோக்கி எட்டிப் பார்க்கிறது என்றார் பெம். ஸ்டூவர்ட் ரிச்சியும் வைஸ்மனும் கிறிஸ் பிரெஞ்சும், பெம்மின் சோதனைகளில் ஒன்றைத் திரும்பச் செய்து, பலிக்கவில்லை என்று அதே இதழுக்கு எழுதினார்கள். நாங்கள் மறுசோதனைகளை வெளியிடுவதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

உளவியல் உலகம் உறைந்தது. பெம் ஏமாற்றவில்லை. எல்லோரும் பின்பற்றும் விதிகளைத்தான் அவரும் பின்பற்றினார். கடைக்காரர் தராசை எதுவும் வைக்காமல் ஒருமுறை தூக்கிக் காட்டுவார். வெறுந்தட்டிலேயே முள் சாய்ந்தால், அதே தராசில் நேற்றுவரை வாங்கிய சரக்கெல்லாம் சந்தேகத்துக்கு ஆளாகிவிடும். அதுதான் நடந்தது. அதே 2011இல் ஜோசப் சிம்மன்ஸும் இரு சகாக்களும், வழக்கத்தில் இருக்கும் சலுகைகளை வைத்தே, ஒரு பீட்டில்ஸ் பாட்டைக் கேட்டவர்களின் வயது ஒன்றரை ஆண்டு குறைந்துவிட்டது என்று ‘நிரூபித்து’ காட்டினார்கள். தரவைப் பார்த்துக்கொண்டே எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்வது, பல அளவுகளை எடுத்துப் பலித்ததை மட்டும் சொல்வது, இவை போதும். 2015இல் வெளியான 100 உளவியல் ஆய்வுகளின் மறுசோதனையில், ஏறக்குறைய 36 சதவீதமே மறுபடி தேறின. இன்று சோதனைக்கு முன்பே திட்டத்தை எழுதிப் பதிவு செய்துவிட வேண்டும் என்ற ஒழுங்கு உளவியலில் பரவியிருக்கிறது.

அந்த ஒழுங்கையும் முன்பே கடைப்பிடித்தது யார் தெரியுமா? உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் ஜான்சன், 1976இல் தன் பாராசைக்காலஜி இதழில், சோதனைக்கு முன் திட்டத்தைப் பார்த்தே கட்டுரையை ஏற்பது என்ற முறையைக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் அந்த இதழை அலசியபோது, முன்பதிவு செய்யாத ஆய்வுகளில் சுமார் 28 சதவீத முடிவுகள் ‘பலித்தன’ என்று இருந்தது. முன்பதிவு செய்தவற்றில் சுமார் 8 சதவீதம். தற்செயலாகவே 5 சதவீதம் பலிக்கும் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

பெம்மின் படுதாச் சோதனைக்கு இறுதி விசாரணை 2023இல் வெளியானது. ஹங்கேரியின் ஜொல்தான் கெகெச் தலைமையில், நம்புவோரும் மறுப்போரும் கூடித் திட்டத்தை எழுதினார்கள். பத்துக் கூடங்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், 37,836 ஊகங்கள். ஒவ்வொன்றும் பதிவான கணமே யாரும் கைவைக்க முடியாதபடி வெளியே போய்ச் சேர்ந்தது. பலித்தது 49.89 சதவீதம்.

ஆகவே என் தீர்ப்பு இது. பாராசைக்காலஜி செய்யும் வேலை அறிவியல். சில விஷயங்களில் அக்கம்பக்கத்தாரைவிட ஒழுங்கான அறிவியல். 140 ஆண்டுகளாக அது தேடும் பொருள் மட்டும் இருப்பதாகத் தெரியவில்லை. நம்பாத ஒரு கல்லூரி மாணவர் செய்முறை வகுப்பில் செய்தாலும் பலிக்கும் ஒரு சோதனையை அவர்கள் காட்டும் நாளில், என் தீர்ப்பை நானே கிழித்துப் போடுவேன்.

அதுவரை, நம் ஊரில் நடக்கும் வியாபாரத்தில் எச்சரிக்கையாக இருங்கள். ‘மிட்பிரெயின் ஆக்டிவேஷன்’ என்ற பெயரில், கண்ணைக் கட்டிக்கொண்டே உங்கள் குழந்தை புத்தகம் வாசிக்கும், அறிவியல் ஒப்புக்கொண்ட முறை என்று பயிற்சி வகுப்புக்குக் கூப்பிடுவார்கள். கண்ணைக் கட்டினாலும் மூக்கின் ஓரத்தில் சிறு இடைவெளி இருக்கும். குனிந்தால் அதன் வழியே கீழே இருப்பது தெரியும். கட்டணம் கட்டுவதற்கு முன், மேடையில் வாசித்துக் காட்டும் குழந்தையின் தாடைக்குக் கீழே ஓர் அகலமான அட்டையைப் பிடித்துவிட்டு, மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். அட்டையைப் பிடிக்க விடமாட்டோம் என்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீடு திரும்புங்கள்.